காக்கை இல்லாத ஊரில் ஓர் அமாவாசை

மலாயாவின் ஜொகூரில் நான் இருந்தது ஒன்பது நாள். அதில் மழை பெய்யாத நாள் ஒன்றே ஒன்று. குடை கொண்டுபோயிருந்தேன், கப்பலிலேயே ஒரு கம்பி ஒடிந்துவிட்டது. எட்டுக் கம்பியில் ஏழு மட்டும் மிஞ்சிய குடை, எப்படித் திருப்பிப் பிடித்தாலும் இடது தோளைத்தான் நனைக்கும் என்பதை அறுபத்தெட்டாவது வயதில் தெரிந்துகொண்டேன்.

கப்பலைப் பற்றி எழுதப் போவதில்லை. முக்கால்வாசி நாள் நான் கண்ணைத் திறக்கவில்லை. போன காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகன் வடிவேலு பட்டாளத்தில் நாயக் என்ற பதவியில் இருந்தவன். பாலம் போடுவதும் பாதை வெட்டுவதும் அவன் இருந்த பிரிவின் வேலை. ஜெர்மன் யுத்தத்தின்போது மெசபடோமியாவில் ஆற்றுப் பாலம் ஒன்றைக் காப்பாற்றியதற்காக அவனுக்கு வெள்ளிப் பதக்கம் கொடுத்தார்கள். பிறகு அவன் இருந்த படை முழுவதும் துருக்கியரிடம் பிடிபட்டது. கைதியாகவே இறந்துபோனான். அப்போது அவனுக்கு வயது இருபத்து நான்கு. கல்யாணம் ஆகவில்லை. இறந்த செய்தி தபாலில் வந்தது. பதக்கமும் தபாலில் வந்தது. முதலில் வந்தது செய்தி.

அந்தக் கடிதத்தில் ஒரு தேதி இருந்தது. பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். நள வருஷம், தை மாதம், வளர்பிறைத் திரிதியை. மகனுக்குத் தகப்பன் திதி கொடுப்பது முறையல்ல என்பார்கள். முறைப்படி செய்ய எனக்கு வேறு ஆள் இல்லை. பதினைந்து வருஷம் தை மாதத் திரிதியையில் இலை போட்டுப் படைத்தோம். பதினைந்து வருஷத்தில் ஒரு தடவைகூடக் காக்கை அந்தச் சோற்றைத் தொடவில்லை.

பக்கத்து வீட்டுக் கூரையில் கருவாடு காயும்போது காக்கை நம் வீட்டுக்கு எப்படி வரும் என்று நான் சொல்வேன். என் மனைவி பார்வதி ஒத்துக்கொள்ள மாட்டாள். "நாளு தப்புங்க. தப்பான நாள்ல கூப்பிட்டா அவன் எப்படி வருவான்?" என்பாள். இரண்டு வருஷமாக அவளுக்கு மூச்சிரைப்பு. கட்டிலை விட்டு இறங்குவது நாளைக்கு நான்கு தடவை. கண்ணை மூடுவதற்குள் ஒரே ஒரு தடவை சரியான நாளில் பிள்ளைக்குச் சோறு வைக்க வேண்டும் என்று கேட்டாள். நாற்பத்து நான்கு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டவை மொத்தம் ஆறோ ஏழோதான் இருக்கும்.

போன ஆடி மாதம் ஜொகூரிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் ஒரு செய்தி கொண்டுவந்தார். அங்கே பெக்கான் நானாஸ் என்ற ஊரில் ரோட்டு வேலைக் கங்காணியாக முனுசாமி என்று ஒருவர் இருக்கிறாராம். வடிவேலு செத்தபோது கூடவே கைதியாக இருந்தவராம். மூன்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை. நான்காவது கடிதத்துக்குப் பதிலாக நானே புறப்பட்டேன். பெட்டியில் பதக்கம், நள வருஷத்துப் பஞ்சாங்கம், எள் ஒரு பொட்டலம், வேட்டி நான்கு.

சிங்கப்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் நடுவே கடலில் கல்லைக் கொட்டிப் பாதை போட்டிருக்கிறார்கள். எங்கள் பாலாற்றில் தண்ணீரே இல்லாத இடத்தில் பாலம் கட்ட ஒன்பது வருஷம் பிடித்தது. வடிவேலு இதைப் பார்த்திருந்தால் எத்தனை வண்டிக் கல் என்று கணக்குப் போட உட்கார்ந்திருப்பான். அந்தப் புத்தி என்னிடமிருந்து அவனுக்குப் போனது.

ஜொகூர் பாருவில் ஒரு தமிழர் கடையில் சாப்பிட்டேன். இட்லி பரவாயில்லை. சாம்பாரில் புளி போதாது. மழைக்கு ஒதுங்கிப் பின்பக்கம் கை கழுவும்போது எச்சில் இலைக் குவியலைப் பார்த்தேன். மைனா பதினொன்று, கோழி நான்கு, நாய் ஒன்று. காக்கை இல்லை. கடைக்காரரைக் கேட்டேன்.

"காக்காயா? அதுக்கு நீங்க கிள்ளானுக்குப் போவணும் ஐயா. காப்பித் தோட்டத்துப் புழுவைத் தின்னட்டும்னு சிலோன்லேருந்து கொண்டாந்து விட்டாங்களாம். இன்னும் ஜொகூருக்கு வந்து சேரல. டிக்கட் கிடைக்கல போலிருக்கு" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு நாளில் தை அமாவாசை. அது கழிந்த மூன்றாம் நாள் திரிதியை. காக்கையே இல்லாத ஊரில் நான் எதைக் கூப்பிடுவது?

மறுநாள் பெக்கான் நானாஸுக்கு மோட்டார் பஸ். பன்னிரண்டு பேருக்கான வண்டியில் பத்தொன்பது பேர். உட்கார எனக்குக் கிடைத்தது அன்னாசிக் கன்று நிரப்பிய ஒரு சாக்கு. அன்னாசி இலைக்கு ஓரமெல்லாம் முள் என்பதை வேறு யாரும் எழுதியதாக நினைவில்லை. நான் எழுதி வைக்கிறேன். வளைவுகளை எண்ணிக்கொண்டே போனேன். நாற்பத்தாறாவது வளைவில் பின்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. எல்லாரும் மழையில் இறங்கித் தள்ளினோம். சீனர் ஒரு பக்கம், மலாய்க்காரர் ஒரு பக்கம், நம்மவர் ஒரு பக்கம் என்று ஆளுக்கொரு நேரம் தள்ளினால் வண்டி எப்படி நகரும்? நான் குடையைத் தூக்கி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றேன். மூன்றாவது முறை வண்டி மேலே ஏறியது.

சீன டிரைவர் மலாயில் என்னவோ சொன்னார். வெற்றிலை மென்றுகொண்டிருந்த மலாய்ப் பெண் ஒருத்தி பதில் சொன்னாள். பஸ் முழுவதும் சிரித்தது. பக்கத்தில் இருந்த, ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் தமிழரை என்னவென்று கேட்டேன்.

"இந்தப் பெரியவரு எண்ணினாத்தான் வண்டி நவருது, முன்னால உக்கார வைங்கன்றான் டிரைவரு. அந்தம்மா, வேணாம், ஊரு போய்ச் சேர்றதுக்குள்ள நம்ம பல்லையெல்லாம் எண்ணிப்புடுவாருன்னுது."

அவளுக்கு மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை என்பதை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

ரோட்டுக் கூலிகளின் லயம் ஊருக்கு வெளியே இருந்தது. தரையிலிருந்து நாலு அடி உயரத்தில் பலகை வீடுகள், ஒரே கூரையின்கீழ் பத்துக் குடும்பம். கடைசி வீட்டுப் படியில் ஏறினேன். ஆறு படி. மேலே நின்ற ஆளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். காக்கி அரைக்கால் சட்டை, நரைத்த மீசை. இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை.

"வடிவேலு அப்பாவா?" என்றார்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"படியை எண்ணிக்கிட்டே ஏறுறீங்களே. அவனும் அப்படித்தான்."

முனுசாமிதான் அவர். என் பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் மனைவி அஞ்சலைதான் வெந்நீர் வைத்தாள், சோறு போட்டாள், கருணைக்கிழங்குக் குழம்பு ஊற்றினாள். என் கடிதங்கள் வந்தனவா என்று அவளிடம் கேட்டேன். "வந்துச்சுங்க. படிக்கச் சொல்லிக் கேட்டாரு. மூணும் அவரு தகரப் பெட்டியில பத்திரமா இருக்குது. பதில் எழுதலாம்னா, நாளைக்கு நாளைக்கும்பாரு" என்றாள்.

மூன்றாம் நாள் காலை, சைக்கிளில் மணியடித்துக்கொண்டு ரொட்டிக்காரர் வந்தார். எனக்குக் கடைவாய்ப் பற்கள் போய்விட்டன. காலையில் காப்பியில் நனைத்த ரொட்டி என்றால் வயிறு தொந்தரவு செய்யாது. கையைக் காட்டிக் கூப்பிட்டேன். அஞ்சலை ஓடிவந்து அவரைப் போகச் சொல்லிவிட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. இந்த வீட்டுக்குள்ள ரொட்டி வரக்கூடாது. கலியாணம் ஆனதுலேருந்து அப்படித்தான். ஏன்னு கேட்டா எந்திரிச்சுப் போயிடுவாரு. பசியாறக் கஞ்சி போடறேன்."

கஞ்சி நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் மற்றவர் வீட்டுப் பழக்கத்தில் நம் பல்லுக்கு வசதி இருப்பதில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. முனுசாமிக்கு வேலை இல்லை. பதக்கத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை முன்பு பார்த்ததில்லை. கட்டைவிரலால் தடவினார். உள்ளே போய்ப் புளி கொண்டுவந்து அரை மணி நேரம் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே பேசினார். பாலம் படகுகளின்மேல் போட்டது. குண்டு விழுந்து நடுவில் மூன்று படகுகள் கயிறு அறுந்துபோயின. வடிவேலு இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினானாம்.

"எதிர்க்கரையிலேருந்து சுடறான். இவன் தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு முடிச்சுப் போடறான். அவசரமா போட்டா அவுந்துடும்னு கத்துறோம் நாங்க. அவன் ஒண்ணு, ரெண்டுன்னு முடிச்சை எண்ணிக்கிட்டு இருக்கான். பதினெட்டு முடிச்சு. மேலே ஏறி வந்து வாந்தி எடுத்தான். பதக்கம்னு துரை சொன்னப்போ, எங்கப்பாவுக்கு எழுதாதீங்கடா, மொத்தம் எத்தனை பேருக்குக் குடுத்தாங்கன்னு கேப்பாருன்னு சொல்லிச் சிரிச்சான்."

நான் உண்மையில் அதைத்தான் கேட்டிருப்பேன்.

பிடிபட்ட பிறகு நடந்தவற்றை அவர் சுருக்கமாகவே சொன்னார். நடை, நடை, நடை. பிறகு மலையைக் குடைந்து ரயில் பாதை போடும் வேலை. வடிவேலு ஒரு நூலில் நாளுக்கொரு முடிச்சுப் போட்டுக் கணக்கு வைத்திருந்தானாம். மற்றவர்கள் கிழமை தெரிய வேண்டுமென்றால் அவனைத்தான் கேட்பார்களாம்.

எதைக் கேட்க இவ்வளவு தூரம் வந்தேனோ அந்தக் கேள்வியைக் கேட்டேன். "அவன் போன நாள் எது?"

"தை அமாவாசை" என்றார் உடனே. "முந்தின நாள் சாயங்காலம் அவனே சொன்னான். நாளைக்கு அமாவாசைடா, எங்கப்பா ஆத்து மணலைத் தோண்டி ஊத்தெடுத்து எள்ளுந்தண்ணியும் விடுவாருன்னான். விடியறதுக்குள்ள போயிட்டான்."

அந்த அமாவாசையில் நான் பாலாற்றில்தான் இருந்தேன். எப்போதும் இரண்டடி தோண்டினால் ஊறும் தண்ணீர் அன்று மூன்றடியில் ஊறியது. என் தகப்பனார், பாட்டனார், முப்பாட்டனார் என்று மூன்று பேருக்கு விட்டேன். நான்காவதாக ஒருவன் இருந்தது எனக்குத் தெரியாது.

ஆனால் கடிதத்தின் தேதி அமாவாசை அல்லவே. பஞ்சாங்கத்தை எடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். "கடிதாசியில திரிதியைன்னு வருது. மூணு நாள் வித்தியாசம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பிறை தெரிஞ்சுதா, இல்லையா?" என்றேன். அவர் முகம் மாறியது. விடவேண்டியதுதானே? முப்பத்தொரு வருஷம் வாத்தியாராக இருந்தவனுக்கு விடத் தெரியவில்லை. "ஒண்ணு உங்க ஞாபகம் தப்பு, இல்ல கடிதாசி தப்பு. ரெண்டும் சரியா இருக்க முடியாது" என்றேன்.

முனுசாமி பதக்கத்தை என்முன் வைத்துவிட்டு எழுந்தார். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஞாபகம் மட்டும் இருக்கு" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார். இருட்டிய பிறகுதான் வந்தார். அஞ்சலை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நான்காம் நாள் நான் எழுந்தபோது அவர் வேலைக்குப் போயிருந்தார். ஏழு கம்பிக் குடையுடன் தேடிக்கொண்டு போனேன். ரோட்டின் இரு பக்கமும் அன்னாசி. வரிசை வரிசையாக வாள் நட்டதுபோல் இருந்தது. இரண்டு மைல் தள்ளிக் கூலிகள் சரளைக்கல் பரப்பிக்கொண்டிருந்தார்கள். நான் போன நேரம் மழை வலுத்தது. ஓலைக் கொட்டகையில் கூலிகள் ஒரு மூலையில் பீடி பற்றவைத்தார்கள். முனுசாமி என்னை மற்ற மூலைக்கு அழைத்துப் போனார்.

"கடிதாசியும் சரி, என் ஞாபகமும் சரி" என்றார். "மூணு நாள் நாங்க சொல்லலை."

குடையை மடக்கிக் கொட்டகைக் காலில் சாய்த்தேன்.

"தலைக்கு ஒரு ரொட்டி. அதுதான் ஒரு நாளைக்கு. செத்தவனைச் சொல்லிட்டா அந்த ரொட்டி நின்னுடும். காய்ச்சல் தொத்திக்கும்னு காவல்காரன் படுத்திருக்கவங்க கிட்ட வரமாட்டான். வாசல்லேருந்தே பேரைக் கூப்பிடுவான். போர்வையைக் கழுத்துவரைக்கும் இழுத்து விட்டோம். அவன் பேரைக் கூப்பிட்டப்போ நான்தான் அவனுக்கும் குரல் குடுத்தேன். மூணு நாள். நாலாம் நாளுக்கு எனக்கு வாய் வரலை. சொல்லிட்டோம். அன்னைக்குக் காவல்காரன் எழுதிக்கிட்ட தேதிதான் உங்களுக்கு வந்தது."

கொட்டகையிலிருந்து தண்ணீர் தாரைதாரையாக விழுந்தது. பள்ளிக்கூடத்தில் நான் பெயர் கூப்பிடும்போது, வராத பையனுக்காக வேறொருவன் "உள்ளேன் ஐயா" என்றால் இரண்டு பேருக்கும் அடி கொடுப்பேன். அந்த ஞாபகம் வந்தது. அதைத் தவிர வேறு எதுவும் மனதில் வரவில்லை.

"மூணு நாள் அவன் உடம்பு?" என்றேன்.

"வெளியே பனி. ஒண்ணும் ஆகலை. தூங்கற மாதிரியேதான் இருந்தான். நான் அவன் பக்கத்துலதான் படுத்தேன்."

"ரொட்டி எவ்வளவு பெரிசு?"

அவர் தன் உள்ளங்கையைக் காட்டினார். தார் ஒட்டிய கை.

"எத்தனை பேர்?"

"நாலு பேரு."

மூன்று ரொட்டி, நான்கு பேர். ஆளுக்கு முக்கால். வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர், "ஆமாங்க, முக்கால். மத்த மூணு பேரும் அந்தப் பங்குனியைத் தாண்டலை. நான் தாண்டிட்டேன்" என்றார். பிறகு, "இதை எப்படிங்க கடிதாசியில எழுதச் சொல்றது? எழுதற ஆளுக்குத் தெரிஞ்சிடுமே" என்றார்.

மழை விடும்வரை காத்திராமல் திரும்பி நடந்தேன். கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். செத்த பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அவன் பங்கைத் தின்றிருக்கிறார்களே என்று முதல் மைல் முழுவதும் நினைத்தேன். இரண்டாவது மைலில் வேறு மாதிரி தோன்றியது. வடிவேலு சின்ன வயதில் தன் தட்டில் உள்ளதைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவான். எத்தனை பேருக்குக் கொடுத்தாய் என்று நான் திட்டுவேன். பார்வதி, "எண்ணிக்கிட்டா போடுவாங்க சோறு?" என்பாள். லயத்தை அடைந்தபோது இரண்டு தோளும் நனைந்திருந்தன. அன்று மாலை தலைவலி என்று சொல்லிச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் தை அமாவாசை. மழை பெய்யாத அந்த ஒரு நாள் அதுதான். லயத்துக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் தண்ணீர் காப்பி நிறத்தில் இருந்தது. இங்கே தோண்ட வேண்டிய அவசியமே இல்லை, குனிந்தால் தண்ணீர். முன்னோர் மூவருக்கும் எள்ளும் நீரும் விட்டேன். பிறகு வடிவேலுவின் பெயரைச் சொல்லி விட்டேன். அமாவாசையில் அவன் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

திரும்பி வரும்போது ரொட்டிக்காரரின் மணி கேட்டது. ஒரு ரொட்டி வாங்கினேன். அஞ்சலை வாசலில் பயந்துபோய் நின்றாள். "நான் சொல்லிக்கறேம்மா" என்றேன். அவள் சமைத்து வைத்திருந்த சோறு, பருப்பு, வாழைக்காய் எல்லாவற்றையும் இலையில் வைத்து நடுவில் ரொட்டியை வைத்தேன். பக்கத்தில் பதக்கம். முனுசாமி அன்று வேலைக்குப் போகவில்லை. ரொட்டியைப் பார்த்ததும் சுவரோரம் போய் நின்றார்.

இலையைப் பின்பக்கத்து மேட்டில் வைத்துக் "கா, கா" என்று கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "இங்க ஏது ஐயா காக்கா?" என்றாள் ஒருத்தி. கோழிகள்தான் ஓடிவந்தன. அஞ்சலை துரத்தினாள். பிறகும் கூப்பிட்டேன். எத்தனை தடவை என்று கேட்காதீர்கள். ஒரு மைனாகூட வரவில்லை.

"முனுசாமி, நீ வாப்பா" என்றேன். அதுவரை அவரை நீங்கள் என்றுதான் சொல்லிவந்தேன்.

அவர் வந்தார்.

"எடுத்துச் சாப்பிடு."

"வேணாங்க. எனக்கு வேணாம்."

"அன்னைக்கும் அவன் பங்கை நீதான் எடுத்தே. இன்னைக்கும் நீதான் எடுக்கணும். வேற யாரு இருக்கா?"

"ஐயா, நான் திருடித் தின்னவன்..."

"அவன் பேருக்குக் குரல் குடுத்தவன் நீ. கூப்பிட்டா வரணும். உக்காரு."

அவர் உட்கார்ந்தார். ரொட்டியைக் கையில் எடுத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு அவர் விரல்கள் தாமாகவே அதைப் பிய்த்தன. நான்கு துண்டு. அளவுகோல் வைத்து வெட்டியதுபோல் நான்கும் சமம். தாம் செய்ததைப் பார்த்து அவரே திகைத்துவிட்டார். ஒன்றை என்னிடம் நீட்டினார். ஒன்றை அஞ்சலைக்குக் கொடுத்தார். ஒன்றை இலையிலேயே வைத்தார். மிஞ்சியதை வாயில் போட்டுக்கொண்டு மெல்லாமல் அழுதார்.

"மெல்லுப்பா" என்றேன். "தொண்டையில சிக்கிக்கும்."

"சரிங்கப்பா" என்றார். மென்றார்.

என் துண்டை நனைக்கக் காப்பி இல்லை. இருந்த பற்களால் சாப்பிட்டேன். அவர் பிறகு சோற்றையும் எடுத்தார்; பருப்பு, வாழைக்காய், ஒன்றையும் விடவில்லை. இலையில் வைத்த நான்காவது துண்டைக் கடைசியில் கோழி எடுத்துக்கொண்டு ஓடியது. அஞ்சலை துரத்தப் போனாள். வேண்டாம் என்றேன்.

மத்தியானம் தபாலாபீஸில் உட்கார்ந்து பார்வதிக்கு எழுதினேன். அவளுக்கு அடுத்த வீட்டுக்காரர்தான் கடிதம் படித்துக் காட்டுவார். அதனால் சுருக்கமாகவே எழுதினேன்:

"நீ சொன்னது சரி. நாள் தப்பாகத்தான் இருந்தது. தை அமாவாசைதான் நாள். இன்றைக்கே இங்கே இலை போட்டுப் படைத்தேன். கூப்பிட்டவுடன் வரவில்லை, கொஞ்சம் தயங்கிப் பிறகு வந்து எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. எது வந்து எடுத்தது என்று யாராவது கேட்டால் காக்கை என்று சொல்லிவை. உனக்கு மட்டும் நேரில் சொல்கிறேன். மருந்தை மூன்று வேளையும் சாப்பிடு."